இரண்டு நொடி இடைவெளி

சித்தியின் தொண்டையில் அரிசி மணி அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்து முடித்ததும் டாக்டர் சித்தப்பாவையும் என்னையும் கூப்பிட்டு, "ஒரு மாசத்துக்கு இவங்க வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது, அது கத்துறதை விட மோசம். மீறினா குரல் பழையபடி வராமலே போகலாம்" என்றார்.

சித்தப்பா முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார். "ஒரு மாசம் போதுமா டாக்டர்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். கட்டிலில் படுத்திருந்த சித்தி தலையணையை எடுத்து வீசினாள். குறி தப்பவில்லை. சீக்கிரம் தேறிவிடுவாள் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சிலேட்டு வாங்கினோம். கோபமாக எழுதினால் பலப்பம் உடையும். தரையில் கிடக்கும் துண்டுகளை எண்ணியே அன்றைய வீட்டு வானிலையைச் சொல்லிவிடலாம். சித்தப்பாவுக்குப் பிடிக்காத கேள்வி எழுதப்பட்டால், அவர் அதைப் பார்க்காதது போலக் கைக்குட்டையால் சிலேட்டைத் துடைத்துவிடுவார். "தூசியா இருந்துச்சு" என்பார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அவர்களோடுதான் இருக்கிறேன். வகுப்பில் நான் சொல்லும் 'உள்ளேன்' டீச்சரின் காதுக்கு எட்டியதே இல்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் வராதவளாக இருந்தேன். சித்தி எனக்கு வைத்த பேர் எலிக்குஞ்சு. இப்போது வீட்டில் பேசத் தெரிந்தவள் பேசக் கூடாது, பேசலாம் என்றிருப்பவள் பேச மாட்டாள். நடுவில் சித்தப்பா மட்டும் நிறுத்த ஆளில்லாத ரேடியோ போல ஓடிக்கொண்டிருந்தார்.

சித்தி பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவள். செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் நீளமான கூடத்தில், கடைகள் திறப்பதற்கு முன்னால் வரும் ஒரு மணி நேரம் அவளுடையது. அவள் மாடியில் "தூக்கு!" என்றால், கீழே கடையைத் திறந்துகொண்டிருக்கும் முதலாளியின் காலும் தானாக உயரும் என்று சொல்வார்கள். வருபவர்களெல்லாம் ஏதோ ஒரு வேலைக்கு ஓட வேண்டியவர்கள். அந்த நேரத்தை விட்டால் அவர்களுக்கு வேறு நேரம் கிடையாது. அந்த நேரம் போனால் வகுப்பும் போன மாதிரிதான். அதைத்தான் சித்தி பல வருஷம் காத்திருந்து, கூடத்துக்காரரிடம் நடையாய் நடந்து வாங்கியிருந்தாள்.

கூடத்துக்காரரைச் சாவியண்ணன் என்று கூப்பிடுவோம். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் சத்தம் முதலில் வரும், அவர் பிறகு வருவார். சித்தியின் தொண்டை கெட்ட அதே வாரத்தில் கூடத்தின் கேசட் பெட்டியும் கெட்டது. அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சிடி பிளேயரை வைத்தார். புதுசு என்று சொன்னாரே தவிர, அது வேறு யார் வீட்டிலோ பழசாகி வந்தது. சித்தியின் ஒரு பை நிறைய கேசட்டுகள் ஒரே நாளில் செங்கல்லாகிவிட்டன.

"டீச்சரம்மா, நான் நியாயமான ஆள்" என்றார் சாவியண்ணன். "ஞாயித்துக்கிழமை வகுப்பு நடக்கட்டும், நேரம் உங்களுது. நடக்கலைன்னா கராத்தே மாஸ்டர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார். மனசுல வெச்சுக்காதீங்க."

கராத்தே மாஸ்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சாயங்கால வகுப்பு அவருடையது. நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பார்வை சுவரில் எந்த இடத்தில் குத்துப்பை மாட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தது.

சித்தி சிலேட்டில் "நடக்கும்" என்று எழுதினாள். பலப்பம் இரண்டாக உடைந்தது.

சித்தப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டித் தேய்ப்பவர். ஆனால் கம்ப்யூட்டர்தான் தன் உண்மையான தொழில் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதில் சிடி ரைட்டரை அவரே பொருத்தியிருந்தார். பொருத்தி முடித்தபோது ஒரு திருகு மிச்சமானது. "இது எதோடது?" என்று சித்தி எழுதிக் கேட்டாள். சித்தப்பா தூசியைத் துடைத்தார். அன்றிலிருந்து அந்தத் திருகு மேஜை ஓரத்தில் ஒரு தீப்பெட்டிக்குள் குடியிருந்தது.

"கவலையை விடு டீச்சர்" என்றார். சித்தியைக் கிண்டல் செய்யும்போது அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். "உனக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் ஒரே சிடியில. ஞாயித்துக்கிழமை என்ன, இன்னைக்கே தரேன்."

வகுப்புக்கு வரும் பேக்கரி அக்காவிடமிருந்து இரவல் வாங்கிய தாள இசை சிடி ஒன்றை உள்ளே தள்ளினார். திரையில் பத்துப் பாட்டும் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் பிடித்து இழுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"பாத்தியா! பத்துப் பாட்டு, ஒரு நொடி! இதுதான் மெஷின்."

சித்தி திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துவிட்டு எழுதினாள். "எல்லாம் ஒரே சைஸா இருக்கே?"

"கம்ப்யூட்டர் நேர்த்தியா அடுக்கி வெச்சிருக்கு. உன் பாத்திர அலமாரி மாதிரி இல்லை."

ஒரு பாட்டை அழுத்தினார். அது ஜோராகப் பாடியது. சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். புது டிஸ்க்கில் அவற்றை ரைட் பண்ணி, மேலே மார்க்கர் பேனாவால் என்னை 'உடற்பயிற்சி' என்று எழுதச் சொன்னார். மூவரும் ஊர்வலமாகக் கூடத்துக்குப் போனோம்.

பிளேயர் டிஸ்க்கை விழுங்கியது. சுற்றியது. பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. சித்தப்பா அதன் முதுகில் தட்டிக் கொடுத்தார், குழந்தைக்கு ஏப்பம் எடுப்பதுபோல. அப்போதும் சத்தம் வரவில்லை.

"மௌனப் பயிற்சியா டீச்சரம்மா?" என்று கராத்தே மாஸ்டர் மரியாதையாகக் கேட்டார்.

மறுநாள் சித்தப்பா கடையிலிருந்து வந்தபோது சட்டைப் பையிலிருந்த பேனாவைக்கூட எடுக்கவில்லை. யாரிடமோ கேட்டிருக்கிறார். "அது பாட்டே இல்லையாம்" என்றார் மெதுவாக. "பாட்டு டிஸ்க்குல எந்த இடத்துல இருக்குன்னு சொல்ற விலாசமாம். நான் இழுத்துப் போட்டது வெறும் விலாசம். அதனாலதான் எல்லாம் ஒரே சைஸ்."

"அப்புறம் வீட்ல எப்படிப் பாடிச்சு?" என்று சித்தி எழுதினாள்.

"பேக்கரி அக்கா சிடி உள்ளேயே இருந்துச்சில்ல. விலாசத்தைப் பாத்துட்டு கம்ப்யூட்டர் அங்கே போய்ப் பாடியிருக்கு."

சித்தி வெகு நேரம் எழுதினாள். பிறகு சிலேட்டைத் திருப்பினாள். "கல்யாணப் பத்திரிகையை மென்னு தின்னுட்டு, விருந்து ஆச்சுன்னு ஏப்பம் விட்ட கதையா இருக்கு."

சித்தப்பாவின் கை கைக்குட்டையை நோக்கிப் போனது. சித்தி சிலேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இரண்டாவது முயற்சியில் அவர் இன்னும் பல சிடிகளை இரவல் வாங்கி, பாட்டுகளை ஒழுங்காகவே உருவியெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம் ஆனது. இந்தத் தடவை மெஷின் வேலை செய்கிறது என்பதற்கு அந்தத் தாமதமே சாட்சி என்றார். எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி ஒரே டிஸ்க்கில் நூற்றுக்கும் மேலான பாட்டுகளை அடைத்தார். "ஒரு மாசம் நிறுத்தாம பயிற்சி பண்ணலாம், ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது."

கூடத்தில் பிளேயர் அதை வாங்கிக்கொண்டு கரகரவென்று கொஞ்ச நேரம் யோசித்தது. அதன் சின்ன ஜன்னலில் பச்சை எழுத்து வந்தது: 'நோ டிஸ்க்.'

"டிஸ்க் இல்லையாம்" என்று சாவியண்ணன் படித்துக் காட்டினார்.

"உள்ளதான்யா இருக்கு! இப்பத்தான உனக்குக் குடுத்தேன்!" சித்தப்பா பிளேயரைப் பார்த்துக் கத்தினார்.

"அதுகிட்ட ஏன் கோவப்படுறீங்க? எனக்கும் சில நேரம் எதிர்ல நிக்கிறவங்க தெரியறதில்லை" என்றார் சாவியண்ணன்.

கராத்தே மாஸ்டர் டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம்னா குடுங்க சார். பசங்க உடைச்சுப் பழகுறதுக்கு ஓடு விலை ஏறிப்போச்சு."

திரும்பி வரும் வழியில் சித்தப்பாவே எங்களுக்கு விளக்கினார். தோற்ற ஆள் என்றாலும் விளக்குவதை மட்டும் அவரால் விட முடியாது. எம்பி3 என்பது அமுக்கி மடித்துப் பெட்டிக்குள் திணித்த துணி மாதிரி. கம்ப்யூட்டர் அதை விரித்துப் போட்டுக்கொள்ளும். கூடத்துப் பிளேயர் பழைய காலத்து மாப்பிள்ளை. தேய்த்து மாட்டிய துணியைத் தவிர வேறு எதையும் தொடாது. அதற்கு ஆடியோ சிடியாகவே போட வேண்டும். விரித்த துணி அதிக இடத்தை அடைக்கும். அதனால் ஒரு டிஸ்க்கில் எண்பது நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது.

"வகுப்பே ஒரு மணி நேரம்தானே" என்று சித்தி நடந்துகொண்டே எழுதினாள். "உங்களை யாரு ஒரு மாசத்துக்குப் போடச் சொன்னது?"

சித்தப்பா தெருவிளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போய், சிலேட்டுக்கு எட்டாத தூரத்தில் நடந்தார்.

கெட்டுப்போன டிஸ்க்குகள் வீட்டில் சேர ஆரம்பித்தன. ஒருமுறை எழுதினால் எழுதியதுதான், அழித்து எழுத முடியாது. இரண்டு டிஸ்க்குகள் டம்ளர்களுக்கு அடியில் போயின. எழுதும்போது பாதியில் நின்றுபோன மூன்றாவதைப் புறாக்கள் வராமலிருக்கப் பால்கனியில் கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த நாள் முதல் புறாக்கள் அதில் தங்கள் கழுத்தைப் பார்த்து அழகு பண்ணிக்கொள்ளவே வர ஆரம்பித்தன.

வெள்ளிக்கிழமை சித்தி ஒரு புதுப் பிரச்சினையை எழுதினாள். "பாட்டு சரி. எண்ணிக்கை யார் சொல்றது?"

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. டீச்சர் கத்தாமல் பெண்கள் எதைப் பார்த்துக் காலைத் தூக்குவார்கள்? தரையில் குப்புறப் படுத்திருப்பவளுக்குச் சிலேட்டைக் காட்ட முடியாது.

"இவ்வளவுதானா? நான் எதுக்கு இருக்கேன்?" சித்தப்பா மைக்கைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமினார். "மதிப்புக்குரிய சகோதரிகளே! தற்போது தாங்கள் தங்களது இடது காலினைச் சற்றே உயர்த்துமாறு..."

சித்தி மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள். "இது உடற்பயிற்சி. இரங்கல் கூட்டம் இல்லை." அதை அழித்துவிட்டு இன்னொரு வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"நீ."

நான் தலையை ஆட்டினேன். அவள் அடிக்கோடு போட்டாள். நான் மறுபடியும் ஆட்டினேன். இரண்டாவது கோடு போட்டபோது பலப்பம் தூளாகி அவள் மடியில் கொட்டியது. அந்தத் தூளைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் இதுவரை என்னிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"யாருக்கும் சொல்லக் கூடாது" என்றேன். "யாரும் பாக்கவும் கூடாது. நான் அலமாரிக்குள்ள உக்காந்துதான் பேசுவேன்."

"அலமாரியா?" சித்தப்பா எழுந்தே விட்டார். "அற்புதம்! துணிங்க எதிரொலியைக் குடிச்சிடும். பெரிய பெரிய ஸ்டுடியோவுல சுவத்துக்கு மெத்தை அடிச்சிருப்பாங்க. நம்ம வீட்ல உங்க சித்தி ஏற்கனவே அடிச்சு வெச்சிருக்கா."

சித்தியின் துணிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் மைக், காதில் பாட்டு. கதவை மூடினார்கள். வெளியே சித்தி கரண்டியால் கதவைத் தட்டித் தாளம் கொடுத்தாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். முதலில் வந்தது எலிக்குஞ்சின் குரல்தான். ஆனால் இருட்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. சித்தியின் துணிவாசனை மூக்கில் ஏறியது. இத்தனை நாள் சித்தியின் வகுப்பில் பாய் விரித்துப் போட்டுக்கொண்டே மூலையிலிருந்து கேட்டதெல்லாம் தானாக வெளியே வர ஆரம்பித்தது.

"அஞ்சு, ஆறு, முதுகு! முதுகு நேரா! அது உங்க முட்டிதான், இரவல் இல்லை, நல்லா மடக்குங்க! ஏழு, எட்டு! யாரது நடுவுல சிரிக்கிறது?"

வெளியே கரண்டி ஒரு தட்டுத் தவறியது. "அம்மாடி!" என்று சித்தப்பாவின் குரல் கேட்டது. "ஒருத்தி வாயை மூடினா இன்னொருத்தி அலமாரிக்குள்ள முளைக்கிறாளே! இந்த வீட்ல எனக்கு விமோசனமே கிடையாதா?"

சித்தி கதவைத் திறந்தாள். என் தலையில் மாட்டியிருந்த ஹேங்கரை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா என் குரலைப் பாட்டுகளின் மேல் ஏற்றி, எல்லாவற்றையும் ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு ஒரே நீளமான இசையாக்கினார். பிறகு அதைப் பயிற்சிக்கு ஒன்றாகத் துண்டு போட்டார். அப்படிச் செய்தால்தான் சித்தி வேண்டிய பயிற்சிக்குப் பொத்தானை அழுத்தித் தாவ முடியும். ரைட் ஆகும்போது வீட்டில் யாரும் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. கம்ப்யூட்டர் பலவீனமானது, நடுவில் மூச்சு வாங்கினால் டிஸ்க் கெட்டுவிடும். சித்தி சமையலறையில் மிக்ஸியின் சுவிட்சைத் தொட்டது எதேச்சையா வேண்டுமென்றேவா என்பது இன்றுவரை தெரியாது. விளக்கு ஒரு தடவை மங்கியது, ஒரு டிஸ்க் போனது. அடுத்ததற்கு நான் மிக்ஸிக்கு முன்னால் காவல் நின்றேன்.

சாயங்காலம் கூடத்தில் போட்டுப் பார்த்தோம். பிளேயரின் ஜன்னலில் எண் வந்தது. கொட்டு முழங்கியது. அதற்கு மேல் அலமாரிக்குள் இருந்தவளின் அதட்டல். சித்தப்பா ஒவ்வொரு துண்டின் நடுப்பகுதியையும் கொஞ்சம் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தார். எல்லாம் ஓடின. சாவியண்ணன் அறியாமல் தோளை ஆட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வந்திருந்தார்கள். மாவு வாசனையோடு பேக்கரி அக்கா, கழுத்தில் அளவு நாடாவோடு தையல்கார அக்கா, பல் டாக்டரம்மா, இன்னும் பத்துப் பதினைந்து பேர். சாவியண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவோரம் கராத்தே மாஸ்டர், கையில் ஒரு அளவு டேப். தையல்கார அக்கா அதை விடவில்லை. "என்ன மாஸ்டர், எங்க இடுப்பை அளக்க வந்தீங்களா?"

"சுவரை, அக்கா, சுவரை."

"சுவரையாவது சரியா அளங்க. உங்க கால்சட்டையை நான்தான் தைச்சேன், நீங்க குடுத்த அளவு என்ன லட்சணம்னு எனக்குத் தெரியும்."

சித்தி கையை உயர்த்தினாள். நான் பொத்தானை அழுத்திவிட்டுப் பிளேயருக்குப் பின்னால், திரைச்சீலை ஓரமாக ஒதுங்கினேன்.

"கையை மேல தூக்குங்க! ஒண்ணு, ரெண்டு!"

"யாருடி இவ?" என்றாள் பேக்கரி அக்கா கையைத் தூக்கிக்கொண்டே. "இந்த அதட்டு அதட்டுறா?"

"ரேடியோல பேசுறவளா இருக்கும்" என்றாள் பல் டாக்டரம்மா. "நல்ல பல் வரிசை. உச்சரிப்புலயே தெரியுது."

எனக்குத் திரைச்சீலைக்குள் முகம் எரிந்தது. சித்தி முன்னால் நின்று செய்து காட்டினாள். பெண்கள் செய்தார்கள். சாவியண்ணன் தலையாட்டினார். கையும் ஒற்றைக் காலும் சேர்ந்ததுதான் முதல் பயிற்சி; கை வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

"இப்ப ஒத்தைக் கால்! வலது காலை முன்னால நீட்டுங்க. அஞ்சு, ஆறு, ஏழு..."

பாட்டு நின்றது. குரல் நின்றது. கூடமே ஒற்றைக் காலில் நின்றது.

கொக்குக் கூட்டம் போல எல்லோரும் காலை நீட்டியபடி ஆடினார்கள். பேக்கரி அக்கா பல் டாக்டரம்மாவைப் பிடித்தாள், டாக்டரம்மா தையல்கார அக்காவின் அளவு நாடாவைப் பிடித்தாள். மூவரும் சரிய ஆரம்பித்த நேரத்தில் பிளேயர் நிதானமாக "எட்டு!" என்றது. தாளம் திரும்ப வந்தது.

சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பாவம், அதில் பாதிதான் அவர் தப்பு. ஆடியோ சிடி செய்யும்போது, நாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் இரண்டு நொடி மௌனத்தைத் தானாகவே வைத்துவிடும். அது தெரியாமல் போனது ஒரு பாதி. மறு பாதி அவருடைய தொழில் புத்தி. கண்ணாடி வெட்டுகிறவர்கள் குறி வரைக்கும் போக மாட்டார்கள், குறிக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிடுவார்கள், மிச்சத்தைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். ஒவ்வொரு பயிற்சியும் எட்டில் முடிகிறதல்லவா? சித்தப்பா எல்லாவற்றையும் பழக்கப்படி எட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டியிருந்தார். இசையைத் தேய்க்க முடியாது என்பதை யோசிக்கவில்லை.

அதாவது வகுப்பு முழுவதும் ஒவ்வொரு பயிற்சியின் கடைசி ஏழுக்குப் பிறகும் இப்படித்தான்.

அடுத்தது குனிந்து பாதத்தைத் தொடுவது. ஏழு வந்தது, மௌனம் வந்தது. கூடம் முழுக்கக் குனிந்த முதுகுகள். "தலை சுத்துதுடி, எட்டைச் சொல்லச் சொல்லுடி" என்று அடியிலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள், யாரோ உட்கார்ந்தே விட்டார்கள். சாவியண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். சாவிக்கொத்து முனகியது. கராத்தே மாஸ்டர் நாசூக்காக டேப்பை ஒரு முழம் இழுத்தார்.

மூன்றாவது பயிற்சியில் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் தூக்க வேண்டும். வகுப்பிலேயே கடினமானது அதுதான். "அஞ்சு... ஆறு... இறக்காதீங்க... ஏழு..."

மௌனம்.

தூக்கிய கால்கள் நடுங்கின. "ஐயோ" என்ற முனகல்கள். ஒன்றிரண்டு கால்கள் பொத்தென்று விழுந்தன. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் கால்களைத் தூக்கியபடி தலையைத் திருப்பிச் சாவியண்ணனைப் பார்த்தாள், பிறகு தன் பெண்களைப் பார்த்தாள். அவள் நெஞ்சு நிறைய மூச்சு ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

டாக்டர் சொன்னது எனக்கு முழுசாக நினைவு வரவில்லை. பழையபடி வராமலே போகலாம் என்கிற துண்டு மட்டும் வந்தது.

"எட்டு!"

கத்தியது நான். திரைச்சீலையை விட்டு எப்போது வெளியே வந்தேன் என்று தெரியாது. என் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி என்னிடமே வந்தது. அது அடங்குவதற்குள் பிளேயரும் அதே குரலில் "எட்டு!" என்றது.

கால்கள் இறங்கின. தலைகள் எழுந்தன. எல்லாக் கண்களும் என் மேல்.

"அடியேய்!" என்றாள் தையல்கார அக்கா, படுத்தபடியே. "பாய் போடுற பொண்ணுடி! அந்த அதட்டல்காரி இவதான்!"

"இவளுக்குப் பேச வருமா?" என்றாள் பேக்கரி அக்கா. "நான் இவ்வளவு நாளும் இந்தப் பொண்ணுகிட்ட சைகையிலேயே பேசிக்கிட்டு இருந்தேனே!"

"பல் வரிசை பத்தி நான் சொன்னேனா இல்லையா?" என்றாள் பல் டாக்டரம்மா.

ஓடிப்போய்த் திரைச்சீலைக்குள் புகுந்திருப்பேன். ஆனால் அடுத்த பயிற்சி தொடங்கிவிட்டது. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போனது. ஐந்து, ஆறு, ஏழு வந்ததும் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் கூடம் முழுவதும் சேர்ந்து கத்தியது.

"எட்டு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே செருப்புக் கடையில் ஏதோ ஒரு அட்டைப்பெட்டி அடுக்கு சரிந்து விழும் சத்தம் கேட்டது. சித்தியின் வாய் மூடியிருந்தது. அவள் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரிப்பது எப்படி என்று அந்த நாட்களில் நன்றாகப் பழகியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏழுக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். மௌனம் வந்ததும் பாய்ந்து பிடித்தார்கள். கடைசி எட்டுக்குச் சாவியண்ணனும் கத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு எழுந்து சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டார்.

"வகுப்பு நடந்துச்சு" என்றார். "கீழ்க்கடைக்காரர் சண்டைக்கு வருவார். அதை நான் பாத்துக்கிறேன்."

கராத்தே மாஸ்டரின் டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. அவர் சித்தப்பாவை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார். "சார், எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவீங்களா? இதே மாதிரி நடுவுல இடம் விட்டு. பசங்க 'ஹா'ன்னு கத்துறதுக்குத் தோதா இருக்கும்."

சித்தப்பாவுக்கு அந்தப் பாராட்டு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "ரெண்டு நொடி மௌனம் வேணும்னு அதுகிட்ட யாரு கேட்டா?"

சித்தி எழுதினாள். "நான் ஒரு மாசம் மௌனமா இருக்கிறது அதுக்குப் பத்தலை போலிருக்கு."

அடுத்த வகுப்புக்குள் அவர் இடைவெளியைச் சுழியமாக்கக் கற்றுக்கொண்டார். எட்டுக்குப் பின்னால் வெட்டினார். ஒரு பிசிறில்லாமல் ஆறு போல ஓடும் டிஸ்க் ஒன்றைச் செய்து, அதன் மேல் தானே நல்ல எழுத்தில் 'திருத்திய பதிப்பு' என்று எழுதி எடுத்து வந்தார். பெண்கள் ஒரே ஒரு பயிற்சி செய்தார்கள். ஏழு வந்தது, எல்லோரும் கத்த மூச்சை இழுத்தார்கள், அதற்குள் எட்டும் வந்து போய்விட்டது.

"என்னண்ணே இது?" என்றாள் பேக்கரி அக்கா, இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல். "கத்த இடமே இல்லை. பழசைப் போடுங்க."

"அது தப்பா வெட்டினதும்மா."

"இருக்கட்டும்ணே. எங்க வீட்ல நாள் பூரா அவங்க சொல்றதை நாங்க கேக்குறோம். நாங்க கத்துறதுக்கு இந்த ரெண்டு நொடிதான் இருக்கு. அதையும் திருத்திட்டீங்களே."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் திரைச்சீலைக்குள் இல்லை. பிளேயருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பழைய டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். திருத்திய பதிப்பு இப்போது பால்கனியில் தொங்குகிறது. கீறல் இல்லாததால் புறாக்களுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

மாதம் முடிந்து டாக்டர் அனுமதி கொடுத்த அன்று சாயங்காலம், சித்தப்பா மூன்று டம்ளர் டீ போட்டார். டிஸ்க்குகளின் மேல் டம்ளர்களை வைத்தார். எங்கள் இருவர் கண்களும் சித்தியின் வாய் மேலேயே இருந்தன. முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று அவருக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது போலிருக்கிறது. தலையை வாரி, சட்டைகூட மாற்றியிருந்தார்.

சித்தி டீயை ஒரு வாய் குடித்தாள். தொண்டையைச் செருமினாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அவள் குரல்தான்.

"அந்தத் திருகு எதோடது?"

சித்தப்பாவின் கை பழக்கத்தில் கைக்குட்டைக்குப் போனது. துடைக்கச் சிலேட்டு இல்லை.